பன்னிரண்டு நிமிடமும் ஒரு பொன்னாடையும்

பொன்னாடையை முதன்முதலில் யார் தோளில் யார் போட்டாரோ எனக்குத் தெரியாது. அந்த இருவரில் ஒருவரையாவது நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் ஒரு கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூட ஆண்டு விழாவிலோ அந்தப் பளபளப்புத் துணியைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவும் சரசரப்பு கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் கை தட்டுவார்கள். நான் என் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். 'இவளுக்கு எப்பவும் ஒரு திமிரு' என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வது காதில் விழும். விழட்டும்.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ. விருத்தாசலத்தில் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். என் வகுப்புத் தோழி ஒருத்தி மங்கலம்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவள் அத்தா என்று கூப்பிடுகிற அவளுடைய அப்பா துபாயில் இருந்தார். அங்கே பல்கலைக்கழகங்களில் மாணவர்களே கூடி ஒரு கூட்டம் நடத்துகிறார்கள், ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான், மனசில் இருக்கிற ஒரே ஒரு யோசனையைச் சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும் என்று அவர் போனில் சொல்லியிருக்கிறார். அவள் என்னை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்கு இழுத்துப் போய் அப்படி ஒரு பேச்சைக் காட்டினாள். பத்து நிமிடப் பேச்சு. நெட் இழுக்காமல் அது நின்று நின்று சுற்றி முடிய ஒரு மணி நேரம் ஆனது. பேசியவளின் இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது. ஆனால் மேடையில் ஒரு நாற்காலிகூட இல்லை என்பது நன்றாகப் புரிந்தது.

எங்கள் ஊர் விழாக்களைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று தெரியும். எங்கள் விழாவில் மேடை முழுக்க நாற்காலிதான். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. முன்னிலை என்பது என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மைக்கைப் பிடிக்கிற ஒவ்வொருவரும் மேடையில் இருக்கிற எல்லாரையும் 'அவர்களே, அவர்களே' என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். விழா எதற்காக நடக்கிறது என்பது நன்றியுரை சொல்பவருக்குத்தான் ஞாபகம் வரும்.

நாமும் ஒன்று நடத்துவோம் என்று முடிவு செய்தோம். ஏழு பேர் சேர்ந்தோம். ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் சட்டம் எழுதினோம். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். முடிந்ததும் மணி அடிக்கும், வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் இறங்கிவிட வேண்டும். யாரையும் 'அவர்களே' சொல்லக் கூடாது. மாலை, துண்டு, பொன்னாடை எதுவும் கிடையாது. யோசனை இருக்கிற யாரும் பேசலாம், படித்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. இந்தக் கடைசி வரியைச் சேர்த்தது நான்தான். அதைச் சேர்க்கும்போதே என் மனசில் ஓர் ஆள் இருந்தார்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஓர் அக்கா இருந்தார். ஜங்ஷனுக்குப் பின்பக்கம் எங்கள் தெரு. அக்கா ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை செய்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு முழங்கை வரைக்கும் வெள்ளையாகத்தான் திரும்பி வருவார். எட்டாவது வரை படித்தவர். பேச்சில் ஒரு சொல் வீணாகாது.

அவர் வேலை இதுதான். கூழாகக் கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி எடுத்தால் பொம்மை வரும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில், பொம்மையின் உடம்பைச் சுற்றி ஒரு கோடு மேடாக நிற்கும். பொம்மை நன்றாகக் காய்ந்த பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உப்புத்தாளால் அந்தக் கோட்டைத் தேய்த்து எடுப்பார்கள். தேய்க்கத் தேய்க்க மாவு பறக்கும். அந்த மாவைத்தான் காலையிலிருந்து சாயங்காலம் வரை மூச்சில் இழுப்பார்கள். அக்காவின் கூடப்பிறந்த அக்கா அதே வரிசையில் அதே இடத்தில் பல வருஷம் உட்கார்ந்தவர். இருமல் வந்தது. டி.பி. என்றார்கள். மாத்திரை எல்லாம் முழுசாகச் சாப்பிட்டு முடித்தும் இருமல் போகவில்லை. அப்போது அவர் மூன்று படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். அவர் விட்ட இடத்தில்தான் இந்த அக்கா போய் உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் தெருக்குழாயடியில் குடம் நிறையும் நேரத்தில் அக்கா என்னிடம் சொன்னார்.

"பாப்பா, காஞ்ச பொம்மையத் தேச்சா மாவு பறக்குது. ஈரமா இருக்கறப்பவே கத்தியால சொரண்டிட்டா சுருள் சுருளா கீழ வுழுது. சுருளு பறக்குமா? பறக்காது. அவ்ளோதான் விசயம்."

"சூப்பர்வைசர்கிட்ட சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன். ஈரத்துல தொட்டா கோணிக்கும், நீ ஒன் வேலயப் பாருன்னுட்டாரு. நான் ஒரு பலகைய எடுத்துச் செஞ்சு பாத்தேன். இருவது யானை. ரெண்டுதான் கோணுச்சி. கையில வெறுமன புடிக்காம நனைச்ச சாக்க மடிச்சி அது மேல படுக்க வச்சி சொரண்டுனேன், அடுத்த பலகையில ஒண்ணுகூட கோணல."

அவர் அதை முழுசாக யோசித்து வைத்திருந்தார். ஊற்றுகிற வேலையை மதியத்தோடு முடித்துக்கொண்டு, பொம்மைகளை ஈரத்துணியால் மூடி வைத்து, சாயங்காலம் சுரண்டிவிட்டுப் போக வேண்டும். புது மிஷின் வேண்டாம், புது ஆள் வேண்டாம். வேலையின் வரிசையை மாற்றினால் போதும். கல்லூரியில் மூன்று வருஷம் நான் எழுதிய எந்த அசைன்மென்ட்டிலும் இவ்வளவு தெளிவான ஒரு யோசனை இருந்ததில்லை.

"மொதலாளிகிட்டயே நேரா சொல்லலாம்லக்கா?"

"மொதலாளிய நாங்க எங்க பாக்கறது? அவரு கார் கண்ணாடியத்தான் பாத்திருக்கோம்."

எங்கள் கூட்டத்தில் பேசுங்கள் என்று கேட்டபோது அக்கா சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் விடவில்லை. தினமும் குழாயடியில் நச்சரித்தேன். ஒரு வாரம் கழித்து, "எவ்ளோ நேரம்னு சொன்ன?" என்று கேட்டார். பன்னிரண்டு நிமிடம் என்றேன். அன்றைக்கே பேசிப் பழக ஆரம்பித்துவிட்டார். அடுப்படியில் குழம்பைக் கிண்டிக்கொண்டே சுவரைப் பார்த்துப் பேசுவார். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவார். எவ்வளவு நேரம் வருகிறது என்று வாட்சில் பார்த்துச் சொல்கிறேன் என்றால், "நீ ஒன் வேலயப் பாரு, அத நான் பாத்துக்கறேன்" என்று விரட்டிவிடுவார். சூப்பர்வைசரிடம் வாங்கியதை எனக்குத் திருப்பிக் கொடுப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

இனி நான் சொல்லப்போவதில் என் பங்கும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மற்றவர்களை மட்டும் திட்டினால் அது நியாயமில்லை.

ஹால் வேண்டுமென்று கல்லூரி முதல்வரிடம் லெட்டர் கொண்டுபோனோம். படித்துவிட்டு, "சீஃப் கெஸ்ட் யாரு?" என்று கேட்டார்.

"அப்படி யாரும் இல்லங்க சார்" என்றாள் தோழி.

மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்ப்பது போல அவர் எங்களைப் பார்த்தார். பிறகு, பீங்கான் கம்பெனிகள் வைத்திருக்கும் ஒரு முதலாளியைச் சொன்னார். கல்லூரிக்கு வேண்டியவராம். "அவர் வந்தா மைக் செட்டு, சேரு, டீ எல்லாம் அவரே பாத்துப்பாரு. அஞ்சு நிமிசம் பேசிட்டுப் போயிடுவாரு. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களிடம் மைக் இல்லை, நாற்காலி இல்லை. ஐந்து நிமிடம்தானே. தோழி சரிங்க சார் என்றாள். நானும் சரிங்க சார் என்றேன். அந்த இடத்திலேயே எங்கள் ரெக்கார்டு நோட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம்.

அழைப்பிதழ் வந்ததும் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முதல் பக்கத்தில் முதலாளியின் போட்டோ. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவரு எங்க மொதலாளியாச்சே. ஆபீசு ரூமுல மாட்டியிருக்கற போட்டோவுல இதே மொகந்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பெனி போர்டில் அவர் மனைவியின் பெயர்தான் இருந்தது. எனக்குத் தெரியவில்லை. அக்காவின் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்க்கா என்றேன். அக்கா அழைப்பிதழை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"வரட்டும். அவரு காதுலயே வுழட்டும். சூப்பர்வைசருகிட்ட சொல்லிச் சொல்லி என் வாயிதான் வலிக்குது. எதுர்ல நின்னு அமைதியா சொன்னா அவருக்கும் புரியுமில்ல? அவரு ஒரு வார்த்த சொன்னா நாளைக்கே மாத்திடலாம்."

அப்படித்தான் அந்தப் பன்னிரண்டு நிமிடம் எனக்கு உயிராகிவிட்டது. மற்ற ஏழு பேச்சும் நடந்தாலும் ஒன்றுதான், நடக்காவிட்டாலும் ஒன்றுதான். முதலாளி கீழே உட்கார்ந்திருக்க, அக்கா மேலே நின்று பேச வேண்டும். எங்கள் ஊரில் அப்படி ஒன்று நான் பார்த்ததே இல்லை.

அது ஒரு சனிக்கிழமை. அக்கா லீவு போட்டுவிட்டு வந்தார். கிளிப்பச்சைப் புடவை, தலையில் கனகாம்பரம், கையில் ஒயர் கூடை. கூடைக்குள் இரண்டு யானைப் பொம்மைகள். இரண்டும் சூளைக்குப் போகாத பச்சை மண். ஒன்று காய்ந்தது. இன்னொன்று முதல் நாள் ஊற்றியது, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார். ஓர் உப்புத்தாள், ஒரு சின்னக் கத்தி. மேடையில் காய்ந்ததைத் தேய்த்து மாவு பறப்பதைக் காட்டுவார். பிறகு ஈரமானதைச் சுரண்டிச் சுருள் விழுவதைக் காட்டுவார். முன்வரிசையில் இருப்பவரின் மூக்குக்கே மாவு போகும் என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பத்து மணிக்குத் தொடங்க வேண்டியது. தோழி, அவள் அத்தா அனுப்பிய பெரிய டிஜிட்டல் கடிகாரத்தை மேடையின் முன்னால் வைத்திருந்தாள். பன்னிரண்டிலிருந்து சிவப்பு எழுத்தில் குறைந்துகொண்டே வரும். மேடைக்குப் போனால் முந்தின நாள் நாங்கள் எடுத்துவிட்ட நாற்காலிகள் திரும்பி வந்திருந்தன. பதினொரு நாற்காலி. யார் போடச் சொன்னது என்று கேட்டால் ஆபீஸ் ஆட்கள் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள்.

முதலாளி வந்தபோது மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. கூடவே பத்துப் பேர். அதற்குள் அக்கா ஒருமுறை குழாயடிக்குப் போய் யானையின் துணியில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்திருந்தார். மேலே ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. ஈரம் காய்ந்துவிட்டால் அந்த யானை எதற்கும் ஆகாது.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரையை முதல்வரே எடுத்துக்கொண்டார். அவர்களே, அவர்களே, அவர்களே. பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எதற்கென்று போனால் கையில் ஒரு தட்டைக் கொடுத்தார்கள். தட்டில் பொன்னாடைகள் அடுக்கி இருந்தன. எங்கள் ஊரில் தட்டு ஏந்துவது பெண் பிள்ளைகளின் வேலை. நானும் வாங்கிக்கொண்டேன். கை நீண்டது, வாங்கிவிட்டது.

முதல்வர் முதலாளிக்குப் போட்டார். முதலாளி முதல்வருக்குப் போட்டார். துறைத் தலைவர்களுக்கு, துறைத் தலைவர்கள் முதலாளிக்கு. முதலாளியோடு வந்த பத்துப் பேரும் தங்கள் பங்குக்கு ஆளுக்கொரு பொன்னாடையைப் பையிலிருந்து எடுத்தார்கள். கழுத்தில் விழுந்த துணியை உடனே எடுத்து மடித்துப் பின்னால் நிற்பவரிடம் கொடுத்தார்கள். அது சுற்றிச் சுற்றி என் தட்டுக்கே வந்தது. போட்டோக்காரர் சில பேரை மறுபடி போடச் சொன்னார், கண் மூடிவிட்டார்களாம். எங்கள் சட்டத்தில் பொன்னாடை கிடையாது என்று எழுதிய பேனா அப்போது என் கைப்பையில் இருந்தது.

ஐந்து நிமிடம் என்று சொன்ன முதலாளி மைக்கைப் பிடித்தார். தோழி கடிகாரத்தை ஓடவிட்டாள். தாம் எப்படிக் கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தார் என்பதைச் சொன்னார். உழைப்பு என்றார். மறுபடியும் உழைப்பு என்றார். பன்னிரண்டும் குறைந்து பூஜ்யமாகி, எழுத்துகள் கண் சிமிட்ட ஆரம்பித்தன. தோழி மணியில் கை வைத்தாள். முதல்வர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் கையை எடுத்துவிட்டாள். கடிகாரம் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ வந்து அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

அக்கா இரண்டாவது முறை குழாயடிக்குப் போய்விட்டு வந்தார்.

மாணவர்களில் இரண்டு பேருக்கு நாலு நாலு நிமிடம் கொடுத்தார்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பெண்ணாடம் ரோட்டில் நிற்பதைப் பற்றி ஒரு பையன் அருமையாகத் தயார் செய்திருந்தான். பாவம், டிராக்டர் நிற்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் அவனையும் நிறுத்திவிட்டார்கள். முதலாளி வாட்சைப் பார்க்க ஆரம்பித்தார். நான் தட்டோடு முதல்வரின் பின்னால் போய், "சார், அடுத்தது அந்த அக்கா, அவங்கள மட்டும் இப்பவே" என்று கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டினார். மைக்கில், "நம்ம தொழிலாளர் சகோதரி ஒருத்தர் வந்திருக்காங்க, அவங்கள மேடைக்கு அழைக்கிறோம்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நல்ல மனிதர், நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னும் என்னை நான் மன்னிக்கவில்லை.

அக்கா மூன்றாவது முறை தண்ணீர் தெளித்துவிட்டு அப்போதுதான் வாசலில் நுழைந்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு நேராக மேடை ஏறினார். ஆபீஸ் ஆள் ஒருவர், "அத அப்படி வைம்மா, போட்டோவுல வுழும்" என்று கூடையைக் கையிலிருந்து வாங்கி ஒரு நாற்காலிக்கு அடியில் தள்ளினார். முதலாளி எழுந்து வந்தார். என் தட்டை நோக்கிக் கையை நீட்டினார். முதல்வர் ஒரு பொன்னாடையை எடுத்துக் கொடுத்தார்.

"எந்த யூனிட்டும்மா?" என்று முதலாளி கேட்டார்.

"ஒங்க யூனிட்டுதாங்க" என்றார் அக்கா.

ஹாலில் சிரிப்பு. முதலாளியும் சிரித்தார். "பாத்தீங்களா, நம்ம பொண்ணு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். பொன்னாடை அக்காவின் தோளில் விழுந்தது. அக்கா அவர் முகத்தையே பார்த்து, "அய்யா, ஒரு விசயங்க" என்று ஆரம்பித்தார்.

"நல்லா இருங்க, நல்லா இருங்க" என்று அவர் போட்டோக்காரரின் பக்கம் திரும்பிவிட்டார். ஃபிளாஷ் அடித்தது. முதல்வர் மைக்கில் நாட்டுப்பண் என்றார்.

நாட்டுப்பண் போட்டுவிட்டால் யார் என்ன பேச முடியும்? எல்லாரும் விறைப்பாக நின்றார்கள். அக்காவும் கையை ஒட்டி வைத்துக்கொண்டு நேராக நின்றார். முதலாளிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளிதான். பாட்டு முடிந்தது. முதலாளி படியிறங்கினார், பத்துப் பேரும் இறங்கினார்கள், கார்க் கதவுகள் சாத்துகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. அவர்கள் பின்னாலேயே பாதி ஹால் சாப்பாட்டுக்குப் போய்விட்டது.

தோழி ஓடி வந்தாள். "இப்பப் பேசச் சொல்லுடி, நம்ம பசங்க இருக்காங்க" என்றாள். அதற்குள் மைக் செட்காரர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார். முதலாளி இருக்கிறவரைக்கும்தான் அவருக்கு ஆர்டராம். அக்கா நாற்காலிக்கு அடியிலிருந்து கூடையை இழுத்து எடுத்தார். தள்ளிய வேகத்தில் காய்ந்த யானையின் தும்பிக்கை உடைந்திருந்தது.

"அவரு போயிட்டாரா பாப்பா?"

"போயிட்டாருக்கா."

"அப்ப யாருகிட்ட பேசறது?"

அக்கா பொன்னாடையை மடித்துக் கூடையில் யானைகளுக்கு மேல் வைத்துக்கொண்டு நடந்து போய்விட்டார். ஆட்டோ கூப்பிடுகிறேன் என்று பின்னால் ஓடினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

திங்கட்கிழமை முதல்வரின் அறைக்குப் போனேன். அந்த அக்கா பேசத்தானே வந்தாங்க சார் என்றேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அதுதான் கொடுமை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

"மேடைக்குக் கூப்பிட்டு மரியாத பண்ணினோமேம்மா. அவங்க வாழ்நாள்ல அப்படி ஒரு மரியாத கெடைச்சிருக்குமா? அதுக்கு மேல என்ன வேணும்?"

பேச விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மேசையைத் தட்டிச் சொல்லியிருக்க வேண்டும். என் ஹால் டிக்கெட் அவர் கையெழுத்துக்காக அதே மேசையில் இருந்தது. நான் போயிட்டு வரேங்க சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. முதலாளி சிரிக்கிறார். அக்காவின் வாய் 'விசயங்க' என்று சொன்ன அந்த நேரத்துக்குத் திறந்திருக்கிறது. தட்டோடு நானும் ஓரத்தில் நிற்கிறேன். என் அம்மா அதை வெட்டி டி.வி. கண்ணாடியில் ஒட்டி வைத்தார்கள். நான் கிழித்துப் போட்டேன், அதற்கும் எனக்குத் திட்டு விழுந்தது.

பத்து நாளைக்கு நான் அக்காவின் கண்ணில் படவில்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கிறவரைப் பார்க்காமல் இருப்பது லேசான வேலையில்லை. குழாயடிக்குத் தம்பியை அனுப்பினேன். பஸ்ஸுக்குப் பின்பக்கச் சந்து வழியாகப் போனேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவே வாசலில் நின்று கூப்பிட்டார்.

"என்னா பாப்பா, சந்துல பாம்பு இருக்குதுன்னு தெரியாதா ஒனக்கு? வா உள்ள."

போனேன். தரையில் உட்கார்ந்து அக்காவின் அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்ததற்கே அவருக்கு இருமல் வந்தது. கொடியில் பொன்னாடை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் முழுக்க வெள்ளைக் களிமண் கறை.

"இத என்னாக்கா பண்ணீங்க?"

"கம்பெனிக்கு எடுத்துட்டுப் போனேன். சூப்பர்வைசரு அந்தப் பக்கம் போற நேரமா பாத்து ரெண்டு பலகைய ஈரத்துலயே சொரண்டறேன் இப்ப. அதுங்கள மூடி வக்க ஒரு துணி வேணும். இது சும்மாதான கெடக்குதுன்னு நனைச்சி மூடினேன்." அக்கா கொடியிலிருந்து அதை இழுத்து என் மடியில் போட்டார். "தண்ணி நிக்கவே மாட்டேங்குது. நனைச்சா வழிஞ்சிடுது. இந்தச் சரிக வேற யானை முதுகுல பதிஞ்சி கோடு கோடா வுழுந்துடுச்சி. ரெண்டு பலகையும் போச்சி. நல்லா வாங்கிக் கட்டிகிட்டேன். பழைய வேட்டியே தேவல."

மன்னிச்சிடுங்கக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த மன்னிப்பும் இன்னொரு பொன்னாடை மாதிரிதான் இருக்கும் என்று தோன்றியது. அதனால் கேட்க நினைத்திருந்த வேறொன்றைக் கேட்டேன்.

"நீங்க பேசியிருந்தா எவ்ளோ நேரம் வந்திருக்கும்க்கா? நேரம் பாக்க என்னைய கடைசி வரைக்கும் வுடவே இல்லயே."

"ஒம்பது நிமிசம்" என்றார் அக்கா. கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அலாரம் வச்சி நாலு தபா பாத்தேன். நாலு தபாவும் ஒம்பதுதான்."

"பன்னெண்டு குடுத்திருந்தோமே. இன்னும் கொஞ்சம் சேத்துப் பேசியிருக்கலாமே."

அக்கா பொன்னாடையை என் மடியிலிருந்து எடுத்து நாலாக மடித்தார். "மிச்சம் மூணு நிமிசத்த என் இருமலுக்குன்னு ஒதுக்கி வச்சிருந்தேன் பாப்பா" என்றார்.